போனில் ஒரு காவடிப் படம்: முதல்முறை எடுப்பவர்களுக்கு

மொரீஷியஸில் தைப்பூசக் காவடி பொது விடுமுறை. அன்று ஆற்றங்கரையிலிருந்து கோவில் வரை வழியெல்லாம் போன்கள் தூக்கிப் பிடித்தபடி இருக்கும். மாலையில் அந்த வீடியோக்களைப் பார்த்தால் ஒரே கூட்டம், ஒரே ஆட்டம், கரகரக்கும் மேளச் சத்தம். நம் வீட்டு ஆள் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். கல்யாண வீடியோ எடுப்பது என் தொழில். காவடிக்கு முந்தைய வாரங்களில் இளைஞர்களுக்குப் போனில் படம் எடுக்கவும் சொல்லித் தருகிறேன். அவர்களுக்கு நான் வைக்கும் வேலை இதுதான்: காவடி எடுக்கும் ஒரே ஒருவரோடு கடைசிவரை போய், மூன்று நிமிடப் படம் செய்ய வேண்டும்.

படி 1: முதலில் அனுமதி

உங்கள் அக்காவாக இருக்கலாம், மாமாவாக இருக்கலாம், பக்கத்து வீட்டுத் தம்பியாகவும் இருக்கலாம். விரதம் நடக்கும் நாட்களில் ஒரு மாலை போய்ப் பேசுங்கள். அலகு குத்தும்போது முகத்தை அருகில் எடுக்கலாமா? அருள் வந்து ஆடினால் எடுக்கலாமா? படம் குடும்பத்துக்குள் மட்டுமா, ஃபேஸ்புக்கில் போடலாமா? இதையெல்லாம் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். காவடி அன்று அவரிடம் எதையும் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. கோவில் நிர்வாகத்திடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். கருவறைப் பக்கம் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

படி 2: குரலைப் பதிவு செய்யுங்கள்

படத்தைத் தாங்கி நிற்பது குரல்தான். அதனால் இதற்குத்தான் நான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்வேன். காவடிக்கு முந்தைய நாள், வீட்டில் பூவும் ஓலையும் மயிலிறகும் வைத்துக் காவடி கட்டும்போது, அவரை ஓரமாக உட்கார வைத்துப் பேச விடுங்கள். ஏன் இந்த நேர்த்திக்கடன், யாருக்காக, முதல் காவடி எப்போது? கேள்வியைக் கேட்டுவிட்டு நீங்கள் மௌனமாக இருங்கள். பதில் முடிந்த மாதிரி தெரிந்தாலும் கொஞ்சம் பொறுங்கள். நல்ல வார்த்தை பெரும்பாலும் அந்த இடைவெளிக்குப் பிறகுதான் வரும். கிரியோல் மொழியில் பேசினாலும் சரி, தமிழ் கலந்து பேசினாலும் சரி, அவர் வாய்க்கு வருவதே வரட்டும். வீட்டில் முருகன் பாட்டுப் பாடும் பாட்டி இருந்தால் அதையும் தவறாமல் பதிவு செய்யுங்கள்.

மைக் வாங்க வேண்டியதில்லை. இன்னொரு போனில் வாய்ஸ் ரெக்கார்டரை ஓடவிட்டு அவர் சட்டைப் பையில் வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். தொடங்கும்போது ஒரு முறை கை தட்டுங்கள். எடிட் செய்யும்போது அந்தச் சத்தத்தை வைத்துப் படத்தையும் குரலையும் ஒன்றாகச் சேர்க்கலாம்.

இரவில் டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தால் படம் மினுக்கும், திரையில் கோடுகள் ஓடும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். போன் வழக்கமாக நொடிக்கு 30 ஃபிரேம், அதாவது 30 தனிப் படங்கள், எடுக்கும். இரண்டும் ஒத்துப்போகாது. ஐபோன் கேமரா செட்டிங்ஸில் பிஏஎல் ஃபார்மட்களைக் காட்டும்படி ஆன் செய்தால் 25 ஃபிரேம் கிடைக்கும். ஆண்ட்ராய்டில் ப்ரோ வீடியோ இருந்தால் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடி என்று வையுங்கள்.

அப்புறம், வீடியோ தெளிவுக்கு (ரெசல்யூஷன்) 1080 போதும். ஐபோனின் ஹை எஃபிஷியன்சி அமைப்பில், 30 ஃபிரேமில், 1080 வீடியோ ஒரு நிமிடத்துக்குச் சுமார் 60 எம்பி இடம் பிடிக்கும். 4கே சுமார் 170 எம்பி. நாள் முழுக்க எடுக்க வேண்டிய படத்துக்கு இந்த வித்தியாசம் பெரியது.

படி 3: வெயிலைக் கணக்கில் வையுங்கள்

தைப்பூசம் நமக்குக் கோடையில் வருகிறது. அந்தச் சமயத்தில் நண்பகல் தாண்டியதும் சூரியன் கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலே நிற்கும். கண்குழி கறுத்து, முகமே தெரியாது. ஆகவே முக்கியமான முகங்களையெல்லாம் காலையில் ஆற்றங்கரையிலேயே எடுத்துவிடுங்கள். உச்சிவெயிலில் கால்களை எடுங்கள், தார் ரோட்டில் விழும் நிழலை எடுங்கள், சொம்பைப் பிடித்த கைகளை எடுங்கள். முகம் வேண்டுமென்றால் மரநிழலில் காத்திருங்கள்.

நம் காவடி உடைகளின் அடர் ரோஜா நிறம் வெயிலில் போனுக்குச் சிக்கல்தான். மடிப்பு எதுவும் தெரியாமல் ஒரே பூச்சாக வரும். திரையில் முகத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் எக்ஸ்போஷரும் (வெளிச்ச அளவு) பூட்டிக்கொள்ளும். பிறகு விரலைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள்.

ஐபோனுக்கு ஆப்பிள் சொல்லும் வெப்ப வரம்பு 35 டிகிரி. நேர்வெயிலில் போன் சீக்கிரம் சூடாகிவிடும். தடித்த உறையைக் கழற்றிவிட்டு, ஏரோபிளேன் மோடு போட்டு, எடுக்காத நேரத்தில் துணிக்குள் வையுங்கள். வியர்வை பட்ட லென்ஸை மென்மையான துணியால் அடிக்கடி துடையுங்கள்.

படி 4: நில்லுங்கள், பத்து நொடி

அவர் பின்னால் ஓடாதீர்கள். முன்னால் போய் ஓர் இடத்தில் நின்று, இரு கைகளால் போனைப் பிடித்து, முழங்கைகளை உடம்போடு ஒட்டிக்கொள்ளுங்கள். அவர் வந்து, கடந்து, ஃபிரேமை விட்டு வெளியேறும் வரை அசையாதீர்கள். ஒவ்வொரு ஷாட்டும் குறைந்தது பத்து நொடி. ஜூம் வேண்டாம், இரண்டடி முன்னால் போங்கள். ஆனால் அவர் வழியை மறிக்காதீர்கள். கத்ர் போர்ன் ஊரில் கோர் தெ கார்த் மலைக்கோவிலுக்குப் போகிறவர்கள் படிக்கட்டுக்கு முன்கூட்டியே போய் ஓரமாக இடம் பிடித்துக்கொள்ளுங்கள். கூடவே வரும் அம்மா, தண்ணீர் கொடுக்கும் தங்கை, இவர்களையும் மறக்காதீர்கள்.

மேளத்துக்கு மிக அருகில் நின்றால் ஒலி உடைந்துவிடும். தள்ளி நின்று, அரோகரா குரலும் மேளமும் சேர்ந்து வரும்படி ஒரு நிமிடம் தனியாகப் பதிவு செய்யுங்கள். படம் முழுக்க அடியில் ஓடவிட அது ஒன்றே போதும்.

படி 5: வெட்டி ஒட்டுதல்

கேப்கட் போன்ற எந்தச் செயலியும் சரி. முதலில் அவர் பேசிய குரலை மட்டும் இரண்டரை நிமிடத்துக்கு வெட்டுங்கள். அதன்மேல் படங்களை அடுக்குங்கள். கடைசி அரை நிமிடத்துக்குப் பேச்சு வேண்டாம், மேளம் மட்டும் ஓடட்டும். மினுக்கும் எஃபெக்ட், சினிமாப் பாட்டு எதுவும் வேண்டாம் என்பது என் கருத்து.

முடித்ததும் முதலில் அவருக்குக் காட்டுங்கள். அவர் நீக்கச் சொன்ன ஷாட்டை மறுபேச்சில்லாமல் நீக்கிவிடுங்கள். வாட்ஸாப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் குறையும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். வெட்டாத முழுப் பேச்சையும், பாட்டியின் பாட்டையும் ஒரு பென்டிரைவில் போட்டு அந்த வீட்டிலேயே கொடுத்துவிடுங்கள். இன்னொரு பிரதி உங்களிடம் இருக்கட்டும். கோப்பின் பெயரில் ஆள் பெயர், ஊர், வருடம் மூன்றும் இருக்க வேண்டும்.