மண்டிக்காரனுக்கு ஒரு ரிவால்வர்

என் தங்கை மகன் களக்காட்டில் வாழைத்தார் மண்டி வைத்திருக்கிறான். போன கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவன், காப்பி ஆறுவதற்குள் செல்போனை என் முன்னால் நீட்டினான். ஆஸ்திரியாவில் செய்த கறுப்புப் பிஸ்டல் ஒன்றின் படம். "மாமா, முதன்முதலில் வாங்குகிறவனுக்கு இதுதான் நல்லது என்கிறார்கள். வாங்கிவிடலாமா?" என்றான்.

"படத்தை வேண்டுமானால் வைத்துக்கொள்" என்றேன்.

பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்துவிட்டு, அதன்பின் ஒன்பது வருடம் ஒரு வங்கி வாசலில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவன் நான். அதனால் இந்த ஊர்ப்பக்கம் லைசென்ஸ் எடுக்க நினைக்கிற யாராவது ஒருவர் மாதம் ஒருமுறை என் திண்ணைக்கு வந்துவிடுவார். எல்லோரிடமும் சொல்வதைத்தான் மருமகனிடமும் சொன்னேன். அதையே இங்கே எழுதுகிறேன்.

அந்தப் படத்தில் இருந்தது 9 மி.மீ. பிஸ்டல். நம் நாட்டில் அது தடைசெய்யப்பட்ட அளவு. போலீசுக்கும் ராணுவத்துக்கும் உரியது. சாதாரணக் குடிமகனுக்குக் கைத்துப்பாக்கி என்றால் பெரும்பாலும் .32 தான். துப்பாக்கிக்காரர்கள் '32 போர்' என்பார்கள். சண்டைப் போர் அல்ல, அங்குலக் கணக்கில் குழலின் துளை அளவு. வெளிநாட்டுத் துப்பாக்கிகளைச் சாமானியர்கள் இறக்குமதி செய்வதும் எண்பதுகளின் நடுவிலேயே நின்றுபோயிற்று. ஆகவே அமெரிக்காக்காரர்கள் வீடியோவில் சொல்லும் ஆலோசனையில் பாதி நமக்குப் பயன்படாது. அவர்கள் நூறு மாடல்களில் ஒன்றைத் தேர்கிறார்கள். நமக்குக் கடையில் இருப்பவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

துப்பாக்கிக்கு முன்னால் உரிமம். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஏ-1 படிவத்தில் விண்ணப்பம், துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி எடுத்ததற்கான சான்றிதழ், டாக்டரின் சான்றிதழ், அதன்பின் போலீஸ் விசாரணை. களக்காட்டுக்காரனுக்கு எல்லாம் கடைசியில் திருநெல்வேலிக் கொக்கிரகுளத்தில், கலெக்டர் அலுவலகத்தில் வந்து முடியும். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமம் ஐந்து வருடத்துக்குச் செல்லும், முன்பு மூன்று. ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தன. அலைச்சலைப் பற்றி எழுதினால் தனிப் புத்தகம் ஆகும், விட்டுவிடுகிறேன்.

ஆனால் விசாரணையில் "எதற்கு?" என்று கேட்பார்கள். அதை வீட்டிலேயே உங்களை நீங்கள் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். 'கௌரவத்துக்கு' என்பது மனதில் இருந்தால் அந்தப் பணத்தில் ஒரு நல்ல பசுமாடு வாங்குங்கள். கோயில் கொடையில் வானத்தைப் பார்த்துச் சுடும் ஆசை இருந்தால் அதற்கும் சட்டம் இருக்கிறது: இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். தோட்டத்தில் பன்றி இறங்குகிறது என்பதற்காகக் கைத்துப்பாக்கி கேட்பவர்களும் உண்டு. மலையடிவாரத்து வாழைக்குப் பன்றி எத்தனை பெரிய தொல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அது 1972 வனவிலங்குச் சட்டத்தின் கீழ் வரும் விலங்கு. அனுமதியில்லாமல் தொட்டால் வழக்கு உங்கள் மேல்தான். அதுவும் போக, கைத்துப்பாக்கியால் இருட்டில் பன்றியைச் சுடுகிறேன் என்பவன் தண்ணீர் பாய்ச்சுகிற ஆளைச் சுட்டுவிடுவான்.

மருமகனுக்குக் காரணம் இருந்தது. இரவு ஏலம் முடிந்து பணத்தோடு தனியாக வருகிறான். ஒருமுறை வழிமறித்திருக்கிறார்கள், புகாரும் பதிவாகியிருக்கிறது. அவனிடமும் ஒன்றைச் சொன்னேன். நம் பக்கத்தில் வருகிறவன் அரிவாளோடு நாலு எட்டில் வந்து நிற்பான். இடுப்பிலிருப்பதை எடுத்து நீட்டுவதற்குள் அவன் பக்கத்தில் வந்துவிடுவான். பணத்தைப் பகலிலேயே வங்கியில் கட்ட வழி செய்துகொண்டால் பாதி ஆபத்து அங்கேயே ஒழிந்தது. அதைச் செய்துவிட்டு மிச்சமுள்ள பயத்துக்குத் துப்பாக்கி வாங்கு என்றேன். முகம் கொஞ்சம் வாடியது, ஆனால் செய்தான்.

இனி பிஸ்டலா, ரிவால்வரா என்ற கேள்வி. பிஸ்டலில் தோட்டாக்கள் கைப்பிடிக்குள் செருகும் மேகசின் என்ற கூட்டில் இருக்கும். ரிவால்வரில் சிலிண்டர் என்ற சுழலும் உருளையில் இருக்கும். இதில் எனக்கு இரண்டு அபிப்பிராயம் இல்லை. முதல் துப்பாக்கி ரிவால்வர்தான்.

ஏன் என்பதற்கு நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு கல்யாண வீடு. ஊர் வேண்டாம். சொந்தக்காரர் ஒருவர் புதிதாக வாங்கிய பிஸ்டலை உக்கிராண அறையில் வைத்து நாலு பேருக்குக் காட்டினார். மேகசினை உருவி, "பாருங்கள், காலி" என்று மேசைமேல் வைத்தார். பிறகு டிரிக்கரை அழுத்தினார். மேகசினை உருவினாலும் குழலுக்குள் ஏற்கெனவே ஏறிய தோட்டா ஒன்று அப்படியே உட்கார்ந்திருக்கும் என்பதை அவர் மறந்துவிட்டார். மூலையில் அடுக்கியிருந்த அரிசி மூட்டையில் குண்டு போயிற்று. காது அடைத்துப்போய் நாங்கள் நின்றுகொண்டிருக்க, அந்த ஓட்டையிலிருந்து அரிசி நூல் பிடித்தாற்போல் தரையில் ஒழுகிக்கொண்டே இருந்தது. யாரும் போய் அடைக்கவில்லை. அந்த மூட்டைமேல் சற்று முன்புவரை ஒரு பையன் உட்கார்ந்திருந்தான்.

பட்டாளத்தில் 'காலி கர்' என்று உத்தரவு போட்டால் மேகசினைக் கழற்றி, குழலடியில் தோட்டா ஏறும் அறையைத் திறந்து, கண்ணால் பார்த்து, விரலால் தடவியும் பார்ப்போம். அதைத் தினமும் செய்து உடம்பில் ஊறியவனுக்குப் பிஸ்டல் பொருந்தும். வருடத்தில் நாலு நாள் தொடுகிறவனுக்கு ரிவால்வர். திறந்தால் ஆறு ஓட்டை, ஆறையும் ஒரே பார்வையில் எண்ணிவிடலாம். தோட்டா வெடிக்காமல் போனாலும் மறுபடி டிரிக்கரை இழுத்தால் அடுத்தது வந்துவிடும். பிஸ்டலில் அந்த இடத்தில் மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்து, கெட்ட தோட்டாவை வெளியே தள்ள வேண்டும். பதற்றத்தில் கை அதைச் செய்யாது.

இன்னொன்று, கடையில் பலர் தடுமாறுவது. பிஸ்டலும் .32, ரிவால்வரும் .32. ஆனால் தோட்டா வேறு. ரிவால்வர் தோட்டா நீளம், அடியில் விளிம்பு நன்றாகத் துருத்திக்கொண்டிருக்கும். பிஸ்டல் தோட்டா குட்டை, விளிம்பு இருப்பதே தெரியாது. ஒன்றை மற்றதில் போடக் கூடாது. பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள். '32' என்று மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள்.

மணியாச்சி வழியாக மதுரைக்குப் போகும்போது மருமகன் ஒரு கேள்வி கேட்டான்: "வாஞ்சிநாதன் வைத்திருந்தது எது மாமா?" பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் பிஸ்டல். 1911 ஜூன் 17 அன்று இதே ஸ்டேஷனில், ரயில் பெட்டிக்குள் இருந்த திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷைச் சுட்டது அதுதான். கலெக்டரிடம் உரிமம் கேட்டு நிற்கிற காலத்தில் இந்தக் கதையைக் கொக்கிரகுளத்தில் பேசாதே என்றேன். நாலு ஸ்டேஷன் தாண்டியும் சிரித்துக்கொண்டிருந்தான்.

இப்போது கடைக்குள் வருவோம். ரிவால்வர் என்று முடிவானால் அரசுத் தொழிற்சாலைச் சரக்கு கான்பூரிலிருந்து வருகிறது. 2021 அக்டோபரில் ஆயுதத் தொழிற்சாலைகளைக் கம்பெனிகளாகப் பிரித்த பிறகு பெயர்ப்பலகை மாறியது. நம் திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலையும் கான்பூர் இருக்கும் அதே கம்பெனியின் கீழ்தான். 2014இல் 'நிர்பீக்' என்ற ரிவால்வர் வந்தது: ஏறத்தாழ அரைக் கிலோ, பெண்களுக்கென்று விளம்பரம், அப்போதே விலை 1.22 லட்சத்தைத் தொட்டது. 2023இல் 'பிரபல்' வந்தது: சுமார் 700 கிராம், சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே வரும். பழைய மாதிரிகளில் மேலே தாழைத் தள்ளிக் குழலைக் கீழே மடக்க வேண்டும். வெற்றுத் தோட்டாக்கள் ஆறும் ஒன்றாக மேலே எழும்பும். அது வேகமான ஏற்பாடுதான், ஆனால் பழசாக ஆக மடக்கு தளரும். உத்தரப் பிரதேசத்து ஹர்தோய் மாவட்டத்தில் வெப்ளி அண்ட் ஸ்காட் பெயரிலும் .32 ரிவால்வர் செய்கிறார்கள்.

எடை குறைந்ததுதான் நல்லது என்று எல்லோரும் முதலில் அதையே கையில் எடுப்பார்கள். இடுப்பில் சுமக்கிறவனுக்கு அரைக் கிலோ சுகம். சுடும்போது அதே அரைக் கிலோ உள்ளங்கையில் உதைக்கும். உதைக்குப் பயந்தவன் டிரிக்கரை இழுக்கும்முன்னே கண்ணை மூடுவான், குண்டு தரையில் போகும். முதல் துப்பாக்கி கொஞ்சம் கனமாகவே இருக்கட்டும்.

கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, திறந்து காலி என்று நீங்களும் அவரும் பார்த்த பிறகு, சுவரை நோக்கி இதைச் செய்யுங்கள். கைப்பிடியைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சவ்வு முட்டும்வரை ஏற்றிப் பிடியுங்கள். ஆள்காட்டி விரலின் நுனிச் சதை டிரிக்கரில் சரியாகப் படிகிறதா? எட்டாமல் கையைத் திருகினால் அது உங்களுக்கான துப்பாக்கி அல்ல. பிறகு கண்ணை மூடிக்கொண்டு நீட்டி, திறந்து பாருங்கள். குழல் நுனியிலுள்ள முன்குறி, கைப்பக்கத்திலுள்ள பின்குறிக்கு நடுவே நிற்கிறதா, எங்கேயோ வானத்தில் நிற்கிறதா? அடுத்தது, குதிரையை, அதாவது பின்னால் இருந்து தோட்டாவை அடிக்கும் சுத்தியலை, கையால் பின்னுக்கு இழுக்காமல், டிரிக்கரை மட்டுமே கடைசிவரை இழுத்துப் பத்துமுறை தட்டுங்கள். இழுப்பு நீளமாக, கடினமாக இருக்கும். மருமகன் ஒரு கையால் தாரைத் தூக்கித் தோளில் போடுகிறவன். ஏழாவது இழுப்பில் அவன் ஆள்காட்டி விரல் நடுங்கிற்று. குழலின் நுனியில் நான் வைத்த ஒரு ரூபாய் நாணயம் இரண்டாவது இழுப்பிலேயே கீழே விழுந்துவிட்டது. நாணயம் விழாமல் ஐந்து முறை தட்டப் பழகுவதற்கு வீட்டில் அவனுக்கு மூன்று வாரம் ஆயிற்று. .22 துப்பாக்கியை மட்டும் இப்படித் தோட்டா இல்லாமல் தட்டாதீர்கள். தோட்டாவைக் குத்தும் ஊசி வெறும் இரும்பில் அடித்து மழுங்கும்.

பழைய வெளிநாட்டு ரிவால்வர் கிடைக்கிறது என்பார்கள், யானை விலை சொல்வார்கள். முதல்தடவை வேண்டாம். மீறி வாங்கினால் குதிரையை ஏற்றிவைத்துச் சிலிண்டரை ஆட்டிப் பாருங்கள். கதவுக்கீல் மாதிரி ஆடினால் வைத்துவிடுங்கள். ஏற்றிய குதிரையைப் பெருவிரலால் முன்னே தள்ளுங்கள். டிரிக்கரைத் தொடாமலே விழுந்தால் உடனே வைத்துவிடுங்கள். குழலை வெளிச்சத்தில் பாருங்கள், உள்ளே அம்மைத் தழும்பு போலப் புள்ளிகள் இருந்தால் துரு தின்றிருக்கிறது. துப்பாக்கியின் எண் உரிமத்திலுள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டும். தனியாளிடம் வாங்கினால் விற்பவர் 45 நாள் முன்னதாக எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும்.

வாங்கின கையோடு ஒரு ஐம்பது தோட்டாவாவது முறையான மைதானத்தில் சுட்டுவிடுங்கள். மதுரையிலும் கோவையிலும் ரைஃபிள் கிளப்கள் இருக்கின்றன. தோட்டாக் கணக்கை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

வீட்டில் எங்கே வைப்பது என்பதைத் துப்பாக்கி வருவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். சுவரில் பதித்த இரும்புப் பெட்டி, சாவி உங்களிடம் மட்டும். தோட்டா வேறு பெட்டியில். தலையணைக்கு அடியில் என்பதெல்லாம் சினிமாவோடு போகட்டும். பேரன் பேத்திகள் தலையணையைத் தூக்கித்தான் விளையாடுவார்கள். தோல் உறைக்குள் போட்டுப் பூட்டி வைக்காதீர்கள். நான் செய்த தவறு அது: சாரல் காலத்தில் இரண்டு மாதம் உறையோடு வைத்த துப்பாக்கியை ஆவணியில் எடுத்தபோது, தோல் பட்ட இடமெல்லாம் மஞ்சள் பூத்திருந்தது. தோல் ஈரத்தைக் குடித்துக்கொண்டு இரும்புக்குக் கொடுக்கும். பழைய வேட்டித் துணியைக் கிழித்து, பட்டாளத்தில் 'சிந்தி' என்போம், துப்பாக்கி எண்ணெய் தொட்டு மாதம் ஒருமுறை துடையுங்கள். தேங்காய் எண்ணெய் ஆகாது, பிசினாகிவிடும்.

தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். அதற்கு முந்தின இரவு வழக்கத்தைவிடத் தாராளமாக எண்ணெய் பூசி, உறையில்லாமல் துணியில் சுற்றி எடுத்துப்போங்கள். எத்தனை வாரம் அலமாரியில் கிடக்குமோ தெரியாது. ரசீதில் எண்ணைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். மருமகன் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு ரசீதைச் சட்டைப்பையில் வைத்தபடி வெளியே வந்தவன், "இனி ராத்திரி எப்படி வருவது மாமா?" என்றான். பகலில் பணம் கட்டுகிற ஏற்பாடு அப்படியேதானே இருக்கிறது என்றேன்.