படைக் குருமாரின் பேட்ஜை எப்படிப் படிப்பது?

பிரிட்டிஷ் தரைப்படையில் வீரர்களுக்குச் சமயப் பணி செய்யும் குருமாரின் பேட்ஜ் கையில் கிடைத்தால் எல்லோரும் சிலுவையைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். என்னைக் கேட்டால், முதலில் உச்சியில் இருக்கும் கிரீடத்தைப் பாருங்கள். காலத்தைச் சொல்வது அதுதான். கிரீடத்தின் வளைவுகள் நடுவில் பள்ளமாக இறங்கினால் எலிசபெத் ராணி காலத்தது. சேகரிப்பவர்கள் ‘குயின்ஸ் கிரவுன்’ என்பார்கள். வளைவுகள் உருண்டு மேலெழுந்தால் ‘கிங்ஸ் கிரவுன்’, அதாவது 1901-க்குப் பின் வந்த மன்னர்கள் காலம். ஒரு சிக்கல் உண்டு: சார்லஸ் மன்னரும் 2022-இல் உருண்டை வடிவத்துக்கே திரும்பிவிட்டார். ஆகவே உருண்டைக் கிரீடத்தைக் கண்டதும் பழையது என்று காசை நீட்டிவிடாதீர்கள்.

அப்புறம் இலை வளையம். விளிம்பு வழவழவென்று நீண்டிருப்பது லாரல், வெற்றிக்கு. விளிம்பு நெளிநெளியாக இருப்பது ஓக், உறுதிக்கு. லென்ஸ் வைத்துப் பார்த்தால் இரண்டும் தனித்தனியாகத் தெரியும். தேய்ந்த பேட்ஜில் விரலால் தடவிப் பார்த்தாலே போதும்.

இப்போது நடுவுக்கு வாருங்கள். மையத்தில் ஒடுங்கி நுனியில் அகலும் நான்கு கைகள் கொண்ட சிலுவை இருந்தால், அணிந்தவர் கிறிஸ்தவக் குரு. அதில் பொறித்த ‘இந்தச் சின்னத்தால் வெற்றிகொள்’ என்ற பொருள்தரும் வாசகம், கி.பி. 312-இல் மில்வியன் பாலப் போருக்கு முன் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் கண்டதாகச் சொல்லப்படும் காட்சியைக் குறிக்கிறது. போர்க்களத்தில் ஆயுதம் ஏந்தாத ஒருவரின் தொப்பியில் ‘வெற்றிகொள்’ என்றிருப்பது எனக்கு இன்றும் விந்தைதான். யூதக் குருவுக்கு அதே இடத்தில் தாவீதின் நட்சத்திரம்.

அமெரிக்கத் தரைப்படையில் கணக்கு வேறு. அங்கே சமயச் சின்னம் தனியாகவே இருக்கும்: சிலுவை, பிறை, தர்மச் சக்கரம் என்று. யூதக் குருவின் சின்னமான பத்துக் கட்டளைக் கற்பலகைகளில் ரோமன் எண்கள் இருந்தால் பழையது; 1981-இல் அவை எபிரேய எழுத்துகளாக மாறின. எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவான பிரிவுச் சின்னத்தில் புறா, திறந்த வேதப் புத்தகம், 1775 என்ற ஆண்டு, கூடவே மேய்ப்பனின் கோல். 1880-இல் குருமாருக்குக் கிடைத்த முதல் அடையாளமே அந்தக் கோல்தான். சிலுவை 1898-இல்தான் வந்தது.

சரி, பார்த்ததைக் குறித்து வைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சின்னவியலில் வலப்பக்கம் என்றால் அணிந்திருப்பவரின் வலப்பக்கம். உங்களுக்கு அது இடப்பக்கம்.