ஒரே வெங்காய வேரில் செல் பிரிவதையும் மாறுவதையும் பார்ப்பது எப்படி?

செல் எப்படிப் பிரிகிறது, பிரிந்த செல் எப்படித் தனக்கென ஒரு வேலையை ஏற்கிறது என்ற இரண்டையும் ஒரே வெங்காய வேரில் பார்த்துவிடலாம். புத்தகப் படத்தை மனப்பாடம் செய்வதைவிட இது எவ்வளவோ மேல். அமிலங்கள் தேவைப்படுவதால் ஆய்வகத்தில், ஆசிரியர் துணையோடு செய்யுங்கள்.

படி 1: வெங்காயத்தின் காய்ந்த வேர்களைச் சுரண்டிவிட்டு, அடிப்பகுதி மட்டும் தண்ணீரில் தொடும்படி வையுங்கள். சில நாள்களில் வெள்ளை வேர்கள் இறங்கும். 3 செ.மீ. வளர்ந்ததும் வெட்டலாம்.

படி 2: வெட்டிய வேர்களை 1 பங்கு அசிட்டிக் அமிலம், 3 பங்கு எத்தனால் கலந்த திரவத்தில் ஒரு நாள் போட்டு வையுங்கள். செல்கள் அந்தந்த நிலையிலேயே நின்றுவிடும்.

படி 3: நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில நிமிடங்கள் இளஞ்சூட்டில் வைத்துக் கழுவுங்கள். செல்களை ஒட்டியிருக்கும் பசை இளகும். கையுறை கட்டாயம்.

படி 4: இங்கேதான் கவனம் வேண்டும். நுனியில் 1 அல்லது 2 மி.மீ. மட்டும் வெட்டி ஸ்லைடில் வையுங்கள். செல் பிரிதல் மும்முரமாக நடப்பது அங்கேதான். குரோமோசோம்களுக்கு நிறமேற்றும் அசிட்டோகார்மைன் சாயத்தில் ஒரு சொட்டு விட்டு, கொதிக்காமல் லேசாகச் சூடாக்குங்கள். அப்புறம் கவர் ஸ்லிப் எனும் மெல்லிய கண்ணாடித் துண்டால் மூடி, வடிதாளை வைத்துக் கட்டைவிரலால் நேராக அழுத்துங்கள். பக்கவாட்டில் நகர்ந்தால் செல்கள் சுருண்டுவிடும்.

படி 5: நுண்ணோக்கியில் முதலில் குறைந்த உருப்பெருக்கத்தில் தேடி, பிறகு அதிகமாக்குங்கள். பெரும்பாலான செல்களில் முழு உருண்டையாக உட்கருதான் தெரியும். அது இடைநிலை, அதாவது ஒரு பிரிதலுக்கும் அடுத்ததற்கும் நடுவிலுள்ள காலம். டி.என்.ஏ. இரட்டிப்பாவது அப்போதுதான், அதனால் அதை வெறும் ஓய்வு என்று நினைக்காதீர்கள். உட்கருவுக்குள் குரோமோசோம்கள் எனும் நூல்கள் தடித்துத் தெரிந்தால், அது பிரிதலின் முதல் கட்டமான புரோஃபேஸ். குரோமோசோம்கள் 16-உம் நடுவில் வரிசைகட்டினால் மெட்டாஃபேஸ். அனாஃபேஸ்தான் எனக்கு மிகவும் பிடித்தது: இரட்டிப்பான ஒவ்வொரு குரோமோசோமும் இரண்டாகி, இரு பக்கமும் 16, 16 ஆகப் பிரிந்துபோகும்போது குரோமோசோமின் இழுபடும் இடம் முன்னே செல்ல, கைகள் பின்னால் வளைந்து தொடரும். டீலோஃபேஸில் இரண்டு உட்கருக்கள் உருவாகும். நடுவில் செல் தட்டு தோன்றிப் பக்கச் சுவர்களை நோக்கி விரியும்.

படி 6: சரி, இப்போது அதே வேரின் முதிர்ந்த மேல்பகுதியில் ஒரு துண்டை எடுத்து இதேபோல் அழுத்துங்கள். பிரியும் செல்கள் அநேகமாகக் கிடைக்காது. எல்லாம் நீண்டிருக்கும். சிலவற்றின் சுவரில் சுருள் கம்பி போன்ற தடிப்புகள் தெரியும். அவை நீர் கடத்தும் சைலக் குழாய்கள். உள்ளே இருந்ததை இழந்து, இறந்த பிறகே அந்த வேலையைச் செய்பவை. இவையும் நுனியில் பிரிந்த செல்களின் வழிவந்தவையே. பெற்ற ஜீன்கள் ஒன்றுதான், செயல்படத் தொடங்கியவை மட்டும் வேறு.