யாழ்ப்பாணத்தில் வாடகை வீடு எடுத்துத் தங்குவோருக்கு: குசினியும் எளிய சமையலும்

விடுமுறைக்கு யாழ்ப்பாணம் வந்து நாள் வாடகைக்கு வீடெடுத்துத் தங்குவோரிற் பலர், முதற் சில நாட்களை மூன்று நேரமும் கடைச் சாப்பாட்டிலேயே கழித்துவிட்டு, பிள்ளைகளின் வயிறு குழம்பிய பிறகுதான் குசினியை எட்டிப் பார்க்கிறார்கள். வந்த அன்றே அடுப்பை மூட்டிவிடுவது நல்லது. ஒரு சோறு, தேங்காய்ப்பாலில் காய்ச்சும் ஒரு சொதி, ஒரு மரக்கறி என்ற அளவோடு நின்றால், பழக்கமில்லாத குசினியிலும் ஒரு மணி நேரத்துக்குள் சமைத்து முடித்துவிடலாம்.

வீட்டைப் பேசும்போதே வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டிய முதற்கேள்வி, அங்கே மச்சம், அதாவது மீன் இறைச்சி, சமைக்கலாமா என்பதாகும். வாடகைக்கு விடும் வீடு பெரும்பாலும் அவர்கள் குடியிருக்கும் வளவுக்குள்ளேயே இருக்கும். சைவர்களான வீட்டுக்காரர் சிலர் மச்சத்தை அறவே விரும்புவதில்லை. வேறு சிலர் வெள்ளிக்கிழமைகளிலும், நல்லூர்த் திருவிழா நடைபெறும் 25 நாட்களிலும் மட்டும் தவிர்க்கச் சொல்வார்கள். சம்மதம் கிடைத்தாலும், எந்தச் சட்டி சைவத்துக்கு, எந்தத் தாச்சி மச்சத்துக்கு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இதைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. அவர்கள் விரதச் சமையலுக்கென வைத்திருந்த சட்டியில் மீன் காய்ச்சிவிட்டால், கழுவிக் கொடுத்தாலும் அவர்கள் மனம் ஆறாது.

அடுத்தது தண்ணீர். குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் அமைந்திருப்பதால் கிணற்று நீர் கடினமானது. சில நாட்கள் கொதிக்க வைத்த கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படை பிடித்திருப்பதைப் பார்ப்பீர்கள். அந்தப் படையால் கெடுதியில்லை. ஆனால் இந்த நீரில் கடலையும் பயறும் அவியச் சுணங்கும் என்பதால், அவற்றை முதல்நாள் இரவே ஊற வைத்துவிட வேண்டும். கைக்குழந்தையோடு வருவோர் கவனிக்க வேண்டியது வேறொன்று: தோட்டங்களுக்கு இடும் உரத்தினால் சில பகுதிகளின் கிணறுகளில், கைக்குழந்தைகளுக்குக் கெடுதியான நைத்திரேற்று என்னும் உப்பு கூடுதலாக உள்ளது. கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும், நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். ஆகவே குழந்தைக்குப் பால்மா கரைக்கப் போத்தல் தண்ணீரையே பயன்படுத்துங்கள்.

எரிவாயு அடுப்பை வீட்டுக்காரர் முன்னிலையிலேயே ஒருமுறை பற்றவைத்துப் பாருங்கள். குழாய் பொருந்தும் இடங்களில் சவர்க்கார நுரையைத் தடவினால், கசிவு இருக்கும் இடத்தில் குமிழி கிளம்பும். இந்த வாயு காற்றிலும் பாரமானது. தரையோடு தேங்கி நிற்கும். மணம் வந்தால் மின் சுவிட்சைத் தொடாமல், சிலிண்டரை மூடிவிட்டுக் கதவு யன்னல்களைத் திறந்துவிட வேண்டும். கனடாவிலிருந்து சோற்றுக் குக்கர் கொண்டுவர வேண்டாம். அது 120 வோல்ற்றுக்குச் செய்தது, இங்கே மின்சாரம் 230 வோல்ற்று.

மரக்கறிக்குத் திருநெல்வேலி, சுன்னாகம், மருதனார்மடம் ஆகிய சந்தைகளுக்குக் காலையிலேயே போங்கள். மீன் சந்தையில் வாங்கிய மீனை அங்கேயே கொடுத்து வெட்டுவித்துக்கொண்டால், செதிலும் குடலும் உங்கள் குசினிக்கு வராது. வறுத்துத் திரித்த யாழ்ப்பாணத்துக் கறித்தூளில் 100 கிராம் போதும்; கொத்தமல்லி, சீரகம், மிளகு எல்லாம் அதற்குள்ளேயே இருப்பதால், வேறு சரக்குகளை வாங்கிக் குவிக்கத் தேவையில்லை.

வாடகை வீடுகளில் தேங்காய் துருவும் திருவலை இல்லாதிருக்கலாம். தேங்காயைச் சிறு துண்டுகளாக்கி, இளஞ்சூட்டு நீர் விட்டு மிக்சியில் அடித்துப் பிழிந்தால் முதற்பால். அதே தேங்காய்ப்பூவுக்கு மறுபடியும் நீர் விட்டுப் பிழிந்தால் கப்பிப்பால். சொதிக்கு, பத்துச் சின்ன வெங்காயம், பிளந்த மூன்று பச்சை மிளகாய், அரைத் தேக்கரண்டி வெந்தயம், கறிவேப்பிலை, ஒரு சிட்டிகை மஞ்சள், உப்பு ஆகியவற்றைக் கப்பிப்பாலில் போட்டு, வெங்காயம் மெதுமையாகும் வரை கொதிக்க விடுங்கள். பிறகு அடுப்பைத் தணித்து முதற்பாலை விட்டு, அகப்பையால் துழாவிக்கொண்டே நிற்க வேண்டும், கையை எடுக்கக்கூடாது. சட்டியின் ஓரத்தில் வெண்ணுரை கட்டி நடுவை நோக்கி வரத் தொடங்கியதும் இறக்கிவிடுங்கள். தேசிக்காய்ப் புளியைச் சூடு சற்று ஆறிய பிறகே விட வேண்டும். கொதியோடு விட்டால் பால் திரைந்து தண்ணீர் வேறாகிவிடும். அவசரத்தில் பலரும் தவறுவது இந்த இடத்தில்தான்.

தேங்காய்ப்பால் சேர்ந்த எதுவும் இந்த வெக்கையில் பின்னேரத்துக்குள் புளித்துவிடக்கூடும் என்பதால், மத்தியானச் சொதியை இரவுக்கென்று வெளியே வைக்காதீர்கள். இரவுக்குக் கடையில் இடியப்பம் வாங்கிக்கொண்டு, கைப்பிடித் தேங்காய்ப்பூவில் செத்தல் மிளகாய், வெங்காயம், உப்பு சேர்த்து இடித்து, தேசிக்காய்ப் புளி விட்டு ஒரு சம்பல் செய்தால் போதும்.