ஆலையில் மின்சாரச் சென்சார்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன்னியாகுமரி சின்னமுட்டம் பக்கம் ஓர் ஐஸ் பிளாண்டில், ஓடும் மின்சாரத்தை அளந்து போனில் காட்டும் சென்சார் மாட்டிய அன்றே முதலாளிக்கு ஏக மகிழ்ச்சி. கம்ப்ரசர் இழுக்கும் மின்சாரம் அவர் நினைத்ததில் மூன்றில் ஒரு பங்குதான் என்றது போன். கரண்ட் பில் மட்டும் வழக்கம்போலவே வந்தது.

மூன்று ஃபேஸ் கேபிள்களில் மாட்டிய சி.டி.களில் (கேபிளைச் சுற்றி மாட்டி மின்னோட்டத்தை அளக்கும் வளையங்கள்) ஒன்று திசை திரும்பியிருந்தது. இரண்டு ஃபேஸ் கூட, ஒன்று கழிய, மிஞ்சியது ஒரு பங்கு. ஆர், ஒய் என்ற இரண்டு ஃபேஸ்களின் சி.டி.கள் இடம் மாறியிருந்தால் இன்னும் வேடிக்கை. மோட்டார் முழு லோடில் ஓடும்போதே மொத்தம் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டும். கேபிளைக் கவ்விப் பார்க்கும் டாங் டெஸ்டர் ஆம்பியரைத்தான் சொல்லும், இதைக் காட்டிக்கொடுக்காது. ஒவ்வொரு ஃபேஸின் கிலோவாட்டையும் தனித்தனியாகப் பாருங்கள். மோட்டார் என்றால் மூன்றும் ஏறக்குறைய சமமாக, மைனஸ் இல்லாமல் இருக்க வேண்டும்.

அப்புறம் ரேஷியோ, அதாவது கேபிளில் ஓடும் ஆம்பியரை சி.டி. எந்த அளவுக்குக் குறைத்து மீட்டருக்குத் தருகிறது என்பது. 200/5 சி.டி.யை மாட்டிவிட்டு மீட்டரில் 100/5 என்று போட்டால் பாதிதான் காட்டும். மெயினில் மாட்டியதை ஒருநாள் இ.பி. மீட்டரோடு ஒத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். திருத்துகிறேன் என்று, லோடு ஓடும்போது 5 ஆம்பியர் சி.டி.யின் வயரை மட்டும் கழற்றிவிடாதீர்கள். திறந்த முனையில் ஆளைக் கொல்லும் வோல்டேஜ் வரும்.

அளவு சரியானாலும் எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில் பலரும் சறுக்குகிறார்கள். சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். குளச்சல், முட்டம் பக்கம் ஜூன், ஜூலை. அந்த மாதங்களில் ஐஸ் தேவை இறங்கி யூனிட் குறைந்ததைச் சேமிப்பு என்று எழுதி வைப்பது நம்மை நாமே ஏமாற்றுவது. ஒரு டன் ஐஸுக்கு எத்தனை யூனிட் என்று பாருங்கள்.

மணிக்கு ஒரு ரீடிங் போதும் என்பதும் தப்புக் கணக்கு. அண்டியாபீஸில் (முந்திரி ஆலையில்) முந்திரித் தோல் நீக்கக் காற்று தரும் கம்ப்ரசர், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்திலும் திரும்பத் திரும்ப லோடு எடுத்தால் எங்கோ காற்று ஒழுகுகிறது. மணிக்கணக்குச் சராசரியில் அது கரைந்துபோகும். நிமிடத்துக்கு ஒரு ரீடிங் வேண்டும்.

அலாரம் விஷயம் சுருக்கம்தான். ராத்திரி இரண்டு மணிக்கு வரும் எச்சரிக்கை, நாகர்கோவிலில் தூங்கும் முதலாளிக்கு எதற்கு? பிளாண்டில் நிற்கும் ஆபரேட்டர் போனுக்குப் போகட்டும்.