சிவகங்கைக்கு ஒரு நாள்: குயிலி, உடையாள் ஊர்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

மதுரையில் இறங்கினால் மீனாட்சியைக் கும்பிட்டுவிட்டு நேரே ராமேஸ்வரத்துக்கு வண்டி பிடிப்பதுதான் நம் வழக்கம். நடுவில் ஒரு நாளைச் சிவகங்கைக்கு ஒதுக்குங்கள். மாட்டுத்தாவணியிலிருந்து பஸ் உண்டு. ஆனால் பிள்ளைகளோடு போகிறவர்களுக்குக் கார்தான் சௌகரியம்.

காலையிலேயே காளையார்கோவில் போய்விடுங்கள், மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள். 1772-ல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையும் ஆற்காடு நவாப் படையும் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரைக் கொன்றது இங்கேதான். அவர் மனைவி வேலுநாச்சியார் தப்பி, திண்டுக்கல் பக்கம் விருப்பாட்சியில் தங்கினார்.

திரும்பும் வழியில் கொல்லங்குடி. நாச்சியார் போன திசையைக் காட்டிக்கொடுக்க மறுத்து வெட்டுண்டவள் உடையாள் என்பார்கள். வெட்டுடையார் காளி கோயிலில் இன்றும் நியாயம் கேட்டுக் காசு வெட்டிப் போடுகிறார்கள். வேடிக்கை என்று நினைத்து செல்போனை நீட்டாதீர்கள். வெட்டுகிறவருக்கு அது வயிற்றெரிச்சல்.

சிவகங்கையில் அரண்மனையையும், சூரக்குளம் சாலையில் நாச்சியார் நினைவிடத்தையும் பாருங்கள். நாச்சியார் படையில் இருந்த குயிலிக்கும் அங்கேயே நினைவுச்சின்னம் இருக்கிறது. 1780-ல் ஹைதர் அலி உதவியோடு நாச்சியார் சீமையை மீட்டார், அது வரலாறு. விஜயதசமிக்கு ராஜராஜேஸ்வரியைக் கும்பிட வந்த பெண்களோடு பெண்களாகக் குயிலி அரண்மனைக்குள் நுழைந்ததும், உடம்பில் தீ வைத்துக்கொண்டு கம்பெனியின் ஆயுதக் கிடங்கில் குதித்ததும் பெரும்பாலும் வாய்மொழியாக வந்தவை.

கனடா, அமெரிக்காவில் படிக்கும் பிள்ளைகள் "ஹேரியட் டப்மன் மாதிரியா?" என்று கேட்பார்கள். நல்ல கேள்விதான். டப்மன் அடிமைத்தளையிலிருந்து தப்பியவர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படைக்கு உளவு பார்த்து, 1863 ஜூனில் தென் கரோலினாவின் கொம்பாஹீ ஆற்றில் படகுகளுக்கு வழிகாட்டினார். ஒரே தாக்குதலில் 700 பேருக்கு மேல் விடுதலையானார்கள். அன்றைய பத்திரிகையிலேயே அது வந்தது. குயிலி அடிமையாக இருந்தவள் அல்ல. ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவள் என்றுதான் சொல்வார்கள், எந்தச் சாதி என்பதில் இன்றும் சண்டை. டப்மன் கதைக்கு ஆவணம் உண்டு, குயிலி கதை ஊர் வாயில் வாழ்கிறது. ஒன்றைக் காட்டி மற்றதை மட்டம் தட்டாமல் பிள்ளைகளிடம் அப்படியே சொல்லுங்கள்.

அக்டோபர் கடைசி வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். 27-ல் காளையார்கோவிலில் மருது பாண்டியர் குருபூஜை, 30-ல் பசும்பொன் தேவர் ஜெயந்தி. வழியெல்லாம் போலீஸ், வாடகை வண்டிகளுக்குக் கட்டுப்பாடு என்று பாதி நாள் போய்விடும்.