பேரனுக்கு ‘ஆவிச்சி’ என்று பெயர் வைக்கிறீர்களா? இப்படிச் செய்யுங்கள்

தலைப்பேரனுக்கு அப்பாவைப் பெற்ற ஐயாவின் பெயர், அடுத்தவனுக்கு அம்மாவைப் பெற்ற ஐயாவின் பெயர் என்பது செட்டிநாட்டு நகரத்தார் வீடுகளின் வழக்கம். ஐயா அண்ணாமலையாகவோ சிதம்பரமாகவோ இருந்துவிட்டால் பேச்சே இல்லை. ஆவிச்சியாக இருந்தால்தான் இளம் பெற்றோர் கையைப் பிசைகிறார்கள். பெயரை மாற்றவே வேண்டாம். எழுத்தைச் சரியாக அமைத்தால் போதும்.

படி 1: எவ்வளவு அரிது என்று பாருங்கள்

பெயர்ப் பட்டியல் தளங்கள் தரும் ‘பிரபல’ மதிப்பெண்ணை நம்பாதீர்கள். நம் ஊர்ப் பெயர்களை அவை எங்கே எண்ணின? வீட்டுப் பெட்டகத்தில் இருக்கும் பழைய இசைபிடிமானங்களையும் (நகரத்தார் கல்யாணத்தில் எழுதும் ஒப்பந்தம்) கல்யாணப் பத்திரிகைகளையும் எடுத்துப் பாருங்கள். பிறகு உங்கள் தொகுதியின் வாக்காளர் பட்டியலைப் புரட்டுங்கள். தந்தை பெயர் இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு பெயர் தென்பட்டு, இருபது முப்பது வயது வாக்காளர் எவருக்கும் அது இல்லையென்றால், அந்தப் பெயர் அருகி வருகிறது என்று கொள்ளலாம்.

ஆனால் அரிது என்பதற்காக ஆவிச்சியை யாரும் அறியாத பெயர் என்று சொல்லிவிட முடியாது. காரைக்குடியில் 1907இல் பிறந்த ஏ.வி.மெய்யப்பனின் தந்தை பெயர் ஆவிச்சி. ஏவிஎம் என்ற மூன்றெழுத்தைத் திரையில் பார்த்தவர்கள் எல்லோரும் இந்தப் பெயரின் தலைப்பெழுத்தைப் பார்த்தவர்கள்தாம்.

படி 2: வாய்விட்டுச் சொல்லுங்கள்

ஆ – விச் – சி. முதல் எழுத்து நெடில். இரண்டு மாத்திரை முழுதாக நிற்க வேண்டும். ‘வி’யைக் குறுக்கிச் சொல்லி ‘ச்’ மேல் அழுந்துங்கள். தமிழில் ஒற்றைச் சகரம் உயிர்களுக்கு நடுவே வந்தால் ‘ஊசி’, ‘பசி’ போல மெலியும். இரட்டித்தால் ‘பூச்சி’, ‘பச்சை’ போல வலிக்கும். இங்கே இரட்டிப்பு. நகரத்தார் குழந்தைகளுக்கு இது பாடமே இல்லை: ‘அப்பச்சி’ என்று அப்பாவைக் கூப்பிடும் வாய்க்கு ‘ஆவிச்சி’ தானாக வரும். வெளியூர் ஆசிரியருக்கு மட்டும் ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள். பெயரைப் பாதியில் வெட்டி ‘ஆவி’ என்று கூப்பிடும் பழக்கத்தை வீட்டில் யாரும் தொடங்காதீர்கள். பள்ளியில் பேய்க்கதை முளைக்க அதுவே போதும்.

படி 3: ஆங்கில எழுத்து

சிக்கல் எல்லாம் இங்கேதான். தொடக்கத்தில் ஒரே ஒரு ‘ஏ’ போட்டால், தெரியாதவர் ‘அவிச்சி’ என்று படிப்பார்; முட்டை அவித்த நினைவுதான் வரும். அது மட்டுமில்லை. பௌத்த நூல்கள் சொல்லும் அடிமட்ட நரகத்தின் பெயர் ‘அவீசி’. சுவீடன் நாட்டு இசைக்கலைஞர் ஒருவர் அதையே தம் மேடைப் பெயராக எடுத்துக்கொண்டு உலகப்புகழ் பெற்றார். இணையத்தில் தேடினால் உங்கள் பிள்ளைக்கு முன்னால் அவர்தான் வந்து நிற்பார்.

ஆகவே இரண்டு ‘ஏ’ போடுங்கள்: ஏ, ஏ, வி, ஐ, சி, எச், ஐ. ‘சி-எச்’சை இரட்டிக்க வேண்டாம், ஆங்கிலம் படிப்பவர் ஒன்றையே வல்லோசையாகத்தான் படிப்பார், விண்ணப்பக் கட்டங்களும் மிச்சமாகும். ஐயாவின் பத்திரங்களில் ஒரு ‘ஏ’ இருந்தால் இருக்கட்டும். அது அவர் பெயர், இது பேரன் பெயர்.

படி 4: பதிவு

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். அப்போதே பெயர் கொடுத்தாக வேண்டும் என்பதில்லை. பிறப்பைப் பதிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம்; அதன்பின் தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை இடமுண்டு. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் போன்றவற்றில் பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழே ஆதாரம் என்பதால், அவசரப்படாமல் எழுத்தை முடிவு செய்த பிறகே பெயரைப் பதியப் போங்கள்.

அலுவலகத்தில் வாயால் சொல்லாதீர்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் தாளில் பெரிதாக எழுதிக் கொடுங்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று தமிழ் வரியையும் படியுங்கள். முதல் ‘ச’ மேல் புள்ளி விழாவிட்டால் பிள்ளை ‘ஆவிசசி’ ஆகிவிடுவான்.